சௌத் பிளாக் தமிழர்கள் – 8: கையெழுத்தில்லாத தாள்

காஷ்மீருக்கான தனிப் பிரிவை 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்த என். கோபாலசாமி ஐயங்காரைச் சென்ற வாரம் பார்த்தோம். கால் நூற்றாண்டு கழித்து, அதே 370-ஆவது பிரிவு எந்த அளவுக்கு நீடிக்க வேண்டும் என்று டெல்லியின் சார்பில் பேச உட்கார்ந்தவர் அவருடைய மகன் ஜி. பார்த்தசாரதி. தலைநகரத்துக்கு அவர் ‘ஜி.பி.’.

சென்னையில் முதல்தர கிரிக்கெட், ஆக்ஸ்போர்டில் படிப்பு, ‘தி இந்து’வில் பத்திரிகைப் பணி. பிறகு நேரு அவரைத் தூதுப் பணிக்கு இழுத்துக்கொண்டார். வியட்நாம், இந்தோனேசியா, சீனா, பாகிஸ்தான் என்று சுற்றி, 1965 போரின்போது ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தார். 1969-இல் ஊர் திரும்பியவரிடம் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் பதவி வந்தது. ஆரவல்லிக் குன்றுகளின் கரட்டு நிலத்தில் எழுந்த அந்த வளாகத்தில் ஒரு பாறைத் திட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். மாலையில் அங்கே போய் உட்காரும் மாணவர்களுக்கு அது ‘பி.எஸ்.ஆர்.’, பார்த்தசாரதி ராக்ஸ்.

தேர்தலில் நிற்காதவர், அமைச்சராக இல்லாதவர். ஆனால் இந்திரா காந்திக்குச் சிக்கலான பேச்சுவார்த்தை என்றாலே அவர் நினைவுதான் வரும். எழுபதுகளின் நடுவிலும், 1980-இல் இந்திரா மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகும் வெளியுறவு அமைச்சகத்தின் கொள்கைத் திட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

முதலில் காஷ்மீர். ஷேக் அப்துல்லா 1953-இல் பதவி பறிக்கப்பட்டுச் சிறைக்குப் போனவர். அதற்கு முந்தைய நிலை திரும்ப வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அவர் சார்பில் மிர்சா அஃப்சல் பேக் பேசினார். இழுபறி நீண்டு, 1974 நவம்பர் 13 அன்று பேக்கும் ஜி.பி.யும் கையெழுத்திட்டார்கள். 370 தொடரும், மாநிலத்துக்கு எஞ்சிய அதிகாரங்கள் உண்டு, பிரிவினைக்கு எதிராகச் சட்டம் இயற்றும் உரிமை நாடாளுமன்றத்துக்கு. என்னை நிறுத்திய இடம் அதற்கு அப்பால் இருக்கிறது. ஆளுநரையும் முதலமைச்சரையும் பழையபடி சதர்-இ-ரியாசத் என்றும் பிரதமர் என்றும் அழைப்பதா என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. ஏற்படவில்லை என்பதையே அந்த ஆவணத்தில் எழுதி, முடிவைத் தலைவர்களிடம் விட்டுவிட்டார்கள். பொடி வைத்த வாசகம் ஒன்றைப் போட்டு மூடி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. ஜி.பி.யின் நாணயத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1975 பிப்ரவரி 25 அன்று ஷேக் முதலமைச்சரானார். அந்தப் பதவிப் பெயரையே ஏற்றுக்கொண்டு.

அடுத்தது இலங்கை. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. ராமேஸ்வரம் கரைக்கு அகதிகள் வந்தார்கள், தமிழ்நாடு கொதித்தது. ஆகஸ்ட்டில் கொண்டுவரப்பட்ட ஆறாவது திருத்தம் பிரிவினைக்கு எதிரான சத்தியப் பிரமாணத்தைக் கட்டாயமாக்க, அதை மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் எம்.பி.க்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். கூட்டணியின் தலைவர் அமிர்தலிங்கத்துக்கும் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவுக்கும் நடுவே பேச ஆள் வேண்டியிருந்தது. அந்த மாத இறுதியில் இந்திராவின் தூதராக ஜி.பி. கொழும்பில் இறங்கினார். அவரும் தமிழர்தானே என்ற சந்தேகம் கொழும்பில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

தன்னைச் சந்தேகிப்பவரிடம் பொறுமையாகப் பேசுவது எளிதல்ல. ஜி.பி. பேசினார். நவம்பரில் காமன்வெல்த் மாநாட்டுக்கு ஜெயவர்த்தனா டெல்லி வந்தபோது ஒரு வடிவம் கிடைத்தது. மாவட்ட சபைகளோடு நின்றுவிடாமல் வடக்குக்கும் கிழக்குக்கும் தனித்தனியே பிராந்திய சபை. பெரும்பான்மைக் கட்சியின் தலைவர் முதலமைச்சர். பிராந்தியத்துக்குள் சட்டம் ஒழுங்கும் காணியும் சபையின் பொறுப்பு. திருகோணமலைத் துறைமுகம் மத்திய அரசிடம். வடக்கும் கிழக்கும் ஒன்றாக இணையவில்லையே என்ற குறை கூட்டணிக்கு இருந்தது. என்றாலும் பேச உட்கார அது போதுமானதாக இருந்தது.

1984 ஜனவரியில் கொழும்பில் சர்வகட்சி மாநாடு கூடியது. அதன் முன் வைக்கப்பட்ட தாள்களில் இது மூன்றாவது. அதனால் ‘அனெக்சர் சி’. அதில் யார் கையெழுத்தும் இல்லை. பௌத்த சங்கம் எதிர்த்தது. ஆளுங்கட்சிக்குள் சிறில் மேத்யூ எதிர்த்தார். டெல்லியில் ஒப்புக்கொண்ட ஜெயவர்த்தனா, அதைத் தன் முன்மொழிவாக ஏற்று நிற்கவில்லை. மாநாடு அந்த ஆண்டு டிசம்பர் வரை இழுத்துக்கொண்டு போய்க் கலைந்தது.

ஜி.பி. அந்தக் கையெழுத்தை டெல்லியிலேயே வாங்கியிருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேக் தன் தலைவருக்காகக் கையெழுத்திட்டார், ஷேக் அதற்குக் கட்டுப்பட்டார். ஜெயவர்த்தனாவுக்குக் கட்டுப்படும் எண்ணம் இருந்திருந்தால் கையெழுத்து தேவைப்பட்டே இருக்காது. பழி ஜி.பி.யுடையது அல்ல என்பதே என் முடிவு. ஆயுதக் குழுக்கள் இன்னும் களத்தை முழுமையாகக் கைப்பற்றாத, மிதவாதிகளின் சொல்லுக்கு மதிப்பிருந்த கடைசி நேரம் அது. அதை வீணாக்கியது கொழும்பு.

இந்திரா கொல்லப்பட்டபின் நிலைமை மாறியது. ராஜீவ் காந்தி 1985-இல் இலங்கைப் பொறுப்பை வெளியுறவுச் செயலர் ரொமேஷ் பண்டாரியிடம் கொடுத்தார். ஜி.பி. ஒதுங்கினார். திம்பு பேச்சு முறிந்து, 1987 ஜூலையில் ஒப்பந்தம் வந்து, பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியபோது, முதலமைச்சர், காணி, போலீஸ் என்று அனெக்சர் சி பேசியவையே மறுபடி பேசப்பட்டன. இடையில் எத்தனை உயிர்கள் போயின.

1995 ஆகஸ்ட் 1 அன்று ஜி.பி. காலமானார். 370-ஆவது பிரிவு தந்த தனிநிலை 2019 ஆகஸ்ட்டில் நீக்கப்பட்டது. இலங்கையில் காணி, போலீஸ் அதிகாரங்கள் இன்னும் மாகாண சபைகளின் கைக்கு வரவில்லை. வடக்கில் 2013-க்குப் பிறகு மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை.

(தொடரும்)