டுரான்ட்டுக்கு இடம் எங்கிருந்து வந்தது?

2016 ஜூலை 4 அன்று கெவின் டுரான்ட், தான் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியை விட்டு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் போவதாக அறிவித்தார். ஐந்து வாரங்களுக்கு முன்புதான் மேற்குப் பிரிவு இறுதித் தொடரில் தண்டர் 3-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, கடைசி மூன்று ஆட்டங்களையும் அதே வாரியர்ஸிடம் பறிகொடுத்திருந்தது. தோற்கடித்தவர்களிடமே போய்ச் சேர்வதா என்று அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் இன்றுவரை முழுதாக அடங்கவில்லை. ஆனால் டுரான்ட்டின் மனவுறுதியைப் பற்றிய இந்த விவாதத்தில், அதைவிடப் பெரிய ஒரு கேள்வி காணாமல் போனது. அந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 73ஐ வென்று சாதனை படைத்த ஓர் அணிக்கு, இன்னொரு பெரும் நட்சத்திரத்தை முழுச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ள எப்படி முடிந்தது? இப்படி நடக்கக் கூடாது என்றுதானே என்.பி.ஏ. லீக் முப்பது ஆண்டுகளாகச் சம்பள விதிகளை அடுக்கிக்கொண்டே வந்தது? விதிகளைப் பிரித்துப் பார்த்தால் விடை தெளிவாகவே கிடைக்கிறது. ஒரு நட்சத்திரம் ஓர் அணிக்கு வருவாரா என்பது அவரைச் சந்தித்துப் பேசும் மேசையில் முடிவாவதைவிட, சில ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட ஒப்பந்தங்களில்தான் அதிகம் முடிவாகிறது. பலவீனமான அணிகளைக் காப்பதற்காக வந்த ஒரு விதியே, கடைசிக் கட்டத்தில் பலமான அணியின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

முதலில் இந்த இயந்திரம் ஓடும் விதம். ஐ.பி.எல். ஏலத்துக்குப் பழகிய வாசகர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: இங்கே ஏலம் கிடையாது. ஒப்பந்தம் முடிந்த வீரர் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ ஆகிறார். எந்த அணி என்பதை அவரே தேர்ந்தெடுக்கிறார். இந்த உரிமை எளிதில் வந்ததல்ல. ஒரு காலத்தில் ஒப்பந்தம் தீர்ந்த பிறகும் வீரர் பழைய அணிக்கே கட்டுப்பட்டவர். ஆஸ்கர் ராபர்ட்சன் தலைமையில் வீரர்கள் 1970இல் வழக்குத் தொடுத்து, 1976இல் சமரசம் கண்ட பிறகே அந்தக் கட்டு தளர்ந்தது. முழுமையான விடுதலை 1988இல்தான் வந்தது. இதற்கிடையில் பணக்கார அணிகள் எல்லாரையும் வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்று 1984-85 பருவத்தில் சம்பள உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. அப்போது ஓர் அணி தன் எல்லா வீரர்களுக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய தொகை 36 லட்சம் டாலர். லீக்கின் வருமானத்தைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் இந்த வரம்பு நிர்ணயிக்கப்படுகிறது. வெளியிலிருந்து ஒரு நட்சத்திரத்தை முழு விலைக்குச் சேர்க்க விரும்பும் அணிக்கு, வரம்புக்குக் கீழே அந்த அளவுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். இது அடிப்படை விதி.

ஆனால் இது இறுக்கமான வரம்பு அல்ல. தன்னிடம் ஏற்கெனவே உள்ள வீரரைத் தக்கவைத்துக்கொள்ள ஓர் அணி வரம்பைத் தாண்டிப் போகலாம். பாஸ்டன் அணியின் லாரி பேர்ட் பெயரால் இதை ‘பேர்ட் உரிமை’ என்கிறார்கள். இந்த உரிமையைக் கையில் வைத்திருக்கும்வரை, இன்னும் கையெழுத்திடாத அந்த வீரரின் பெயரில் ஒரு தொகை அணியின் கணக்கில் பிடித்துவைக்கப்படும். சாமர்த்தியம் எல்லாம் இங்கேதான். பிடித்துவைக்கும் தொகை சிறியதாகவும் அந்த வீரர் கேட்கப்போகும் சம்பளம் பெரியதாகவும் இருந்தால், முதலில் வெளியாளைச் சேர்த்துவிட்டு, பிறகு உள்ளூர்க்காரருக்கு வரம்பைத் தாண்டிக் கொடுக்கலாம். 2015இல் சான் அன்டோனியோ செய்தது அதுதான். காவை லெனர்டின் பெயரில் பிடித்திருந்த தொகை 75 லட்சம் டாலருக்கும் குறைவு. அவருக்குச் சேர வேண்டிய முதல் ஆண்டுச் சம்பளமோ ஒன்றரைக் கோடிக்கு மேல். லெனர்ட் காத்திருந்தார். அந்த இடைவெளியில் லமார்க்கஸ் ஆல்ட்ரிட்ஜ் உள்ளே வந்தார். ஆல்ட்ரிட்ஜை எப்படிப் பேசி மயக்கினார்கள் என்பதைப் பற்றி அன்று நிறையச் செய்திகள் வந்தன. இந்தக் கணக்கு இல்லாமல் எந்தப் பேச்சும் பயன்பட்டிருக்காது.

இப்போது வாரியர்ஸ் கணக்கைப் பார்க்கலாம். ஸ்டீஃபன் கரி 2011-12 பருவத்தில் கணுக்கால் காயத்தால் பாதி ஆட்டங்கள்கூட ஆடவில்லை. அந்தக் கால் தாங்குமா என்ற சந்தேகம் நிலவிய 2012 இலையுதிர் காலத்தில், அவர் 4 ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். கால் தாங்கியது. 2015இலும் 2016இலும் லீக்கின் சிறந்த வீரர் விருது அவருக்கே. இரண்டாம் முறை முதலிட வாக்கு ஒன்றுகூட வேறு யாருக்கும் விழவில்லை. அந்த மனிதர் 2016-17இல் வாங்கிய சம்பளம் 1.21 கோடி டாலர், தன் அணியிலேயே நான்காம் இடம். கிளே தாம்ப்ஸன், டிரேமாண்ட் கிரீன், ஆண்ட்ரே இகுவடாலா ஆகியோரையும் கூட்டினால் நால்வருக்கும் ஏறத்தாழ 5.5 கோடிதான். அதே வேளையில் உச்சவரம்பு துள்ளியது. 2014 அக்டோபரில் லீக், தொலைக்காட்சி நிறுவனங்களோடு 9 ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்தப் பணம் 2016-17 முதல் வரத் தொடங்கியதும், 7 கோடியாக இருந்த வரம்பு ஒரே ஆண்டில் 9.41 கோடியானது. படிப்படியாக ஏற்றலாம் என்று லீக் முன்பே கேட்டிருந்தது. வீரர் சங்கம் மறுத்துவிட்டது. வாரியர்ஸ் ஹாரிசன் பார்ன்ஸ் மீதான உரிமையைக் கைவிட்டு, ஆண்ட்ரூ போகட்டை டல்லாஸுக்கு அனுப்பி இடத்தைக் காலிசெய்தது. பார்ன்ஸும் டல்லாஸுக்கே போனார். முதல் ஆண்டுக்கு 2.65 கோடி டாலர் சம்பளத்தில் டுரான்ட் வந்து சேர்ந்தார்.

இதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். காயம்பட்ட கணுக்காலும், அதே நேரத்தில் வந்த தொலைக்காட்சிப் பணமும் ஒன்றுசேரும் என்று யாரும் திட்டமிட்டிருக்க முடியாது; அந்த அளவுக்கு இந்த எதிர்வாதத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வரம்பு துள்ளியது வாரியர்ஸுக்கு மட்டுமல்ல, 30 அணிகளுக்கும்தான். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸை எடுத்துக்கொள்வோம். கோபி பிரையன்ட் ஓய்வு பெற்றதால் ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் மிச்சமானது. ஊரோ ஹாலிவுட் ஊர், அணியின் வரலாறோ சாம்பியன் பட்டங்களால் நிறைந்தது. ஆனால் முந்தைய பருவத்தில் அவர்கள் வென்றது 17 ஆட்டங்கள். டுரான்ட் அவர்களைச் சந்திக்கக்கூட இல்லை. கையில் இருந்த இடத்தை டிமோஃபே மோஸ்காவுக்கு 4 ஆண்டுகளுக்கு 6.4 கோடி, லுவோல் டெங்குக்கு 4 ஆண்டுகளுக்கு 7.2 கோடி என்று கொடுத்துத் தீர்த்தார்கள். அந்த இரு ஒப்பந்தங்களையும் கழற்றிவிட அவர்கள் பிறகு பட்ட பாடு தனிக் கட்டுரைக்குரியது. பலருக்கும் இடம் வந்தது. இடத்தோடு வெல்லும் அணியும் இருந்தது வாரியர்ஸிடம். மலிவான ஒப்பந்தங்களில் திறமையானவர்களைச் சேர்த்துவைத்தது அதிர்ஷ்டத்தால் மட்டும் வந்ததல்ல: கரி, தாம்ப்ஸன், கிரீன் மூவருமே புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் இளைஞர் தேர்வில் (‘டிராஃப்ட்’) அந்த அணி தானே கண்டெடுத்தவர்கள், அதிலும் கிரீன் 35ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர்.

இதைவிட வலுவான எதிர்வாதம் வேறொன்று உண்டு. பெரிய ஊரும் பணமும்தானே நட்சத்திரங்களை இழுக்கும், கணக்கு என்ன செய்யும் என்பது அது. 2019 கோடைக்காலம் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு சோதனைச்சாலை. நியூயார்க் நிக்ஸ், தன் இளம் நட்சத்திரம் கிரிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸை டல்லாஸுக்குக் கொடுத்து, இரண்டு பெரும் நட்சத்திரங்களுக்கு இடம் உண்டாக்கியது. டுரான்ட் அந்த ஆண்டு மறுபடியும் சந்தையில் இருந்தார். அவரும் கைரி அர்விங்கும் சேர்ந்தே வந்தார்கள், நியூயார்க்குக்குத்தான் வந்தார்கள். ஆனால் நிக்ஸுக்கு அல்ல, புரூக்ளின் நெட்ஸுக்கு. ஊர் ஒன்று, வரி ஒன்று, கொடுக்கக்கூடிய சம்பளமும் ஒன்று. நிக்ஸ் முந்தைய பருவத்தில் 17 வெற்றிகளோடு நின்றது. புரூக்ளின் 42 வெற்றிகளோடு பிளேஆஃப் போயிருந்தது. பணத்தின் இழுப்பும் தோன்றுகிற அளவுக்கு இல்லை. 2013இல் தன்னிடமிருந்த டுவைட் ஹவர்டுக்கு லேக்கர்ஸால் 5 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 11.8 கோடி டாலர் தர முடியும். ஹூஸ்டனால் 4 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 8.8 கோடிதான் முடியும். ‘இங்கேயே இரு’ என்று லேக்கர்ஸ் ஊரெல்லாம் விளம்பரப் பலகை வைத்தது. அவர் ஹூஸ்டனுக்குப் போனார். அந்த 3 கோடி வித்தியாசத்தில் பெரும்பகுதி ஐந்தாம் ஆண்டின் சம்பளம். நான்கு ஆண்டு கழித்தும் ஆடிக்கொண்டிருக்கும் வீரருக்கு அந்த ஆண்டுக்கு எங்காவது ஒரு சம்பளம் வரத்தான் போகிறது. போதாததற்கு டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. கலிபோர்னியாவிலோ மேல்தட்டு வருமானத்துக்கு 13.3 சதவீதம்.

பணம் ஏன் இப்படி வலுவிழந்தது? விடை 1999இல் இருக்கிறது. அதற்கு முன் தனி வீரருக்கு உச்சபட்சச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. 1996இல் ஷகீல் ஓ’நீல் ஆர்லாண்டோவிலிருந்து லேக்கர்ஸுக்குப் போனபோது இரு அணிகளும் போட்டியிட்டது வெளிப்படையாகப் பணத்தில். லேக்கர்ஸ் 7 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 12 கோடி டாலர்வரை ஏறியது. 1997-98இல் சிகாகோ மைக்கேல் ஜோர்டனுக்குக் கொடுத்தது 3.31 கோடி, அந்த ஆண்டு ஓர் அணிக்கு மொத்த உச்சவரம்பே 2.69 கோடிதான். 1997இல் 21 வயது கெவின் கார்னெட்டுக்கு மினசோட்டா 6 ஆண்டுகளுக்கு 12.6 கோடி கொடுத்ததும் உரிமையாளர்கள் மிரண்டுபோனார்கள். 1998 கோடையில் கதவடைப்பு செய்தார்கள். அது 1999 ஜனவரிவரை நீண்டு, அந்தப் பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. அதிலிருந்து வந்ததுதான் தனிநபர் உச்சபட்சம்: அனுபவத்தைப் பொறுத்து, அணியின் வரம்பில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்வரை. சிறிய அணிகளைக் காப்பதே நோக்கம். விளைவு தலைகீழ். லீக்கின் முதல் பத்துப் பேரின் உண்மையான மதிப்பு இந்த உச்சபட்சத்தைவிட மிக அதிகம். எனவே இடம் உள்ள எல்லா அணிகளும் அவர்களுக்கு ஒரே விலையைத்தான் நீட்ட முடியும். விலை ஒன்றே என்றால், பண்டத்தின் தரம்தான் தீர்மானிக்கும். யாரிடம் நல்ல அணி இருக்கிறதோ அவரிடம் போவார்கள். உச்சபட்சம் இல்லாதிருந்தால் 2016இல் லேக்கர்ஸ் போன்ற ஓர் அணி டுரான்ட்டுக்கு ஆண்டுக்கு 4 கோடிக்கு மேல் கொடுத்துப் பார்த்திருக்கும். வாரியர்ஸால் அதை எட்ட முடிந்திருக்காது. அப்போதும் அவர் வாரியர்ஸுக்கே போயிருக்கலாம். ஆனால் அதற்கு ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் இழக்க வேண்டியிருந்திருக்கும். விதி அந்த இழப்பைத் துடைத்துவிட்டது.

அப்படியானால் உச்சபட்சத்தை நீக்கி, அணியின் வரம்பை மட்டும் இறுக்கமாக வைப்பதே சரி என்பது என் கருத்து. ஒரே வீரருக்கு வரம்பில் பாதி போய்விட்டால், அதே அணியில் மூன்று நட்சத்திரங்கள் சேரவே முடியாது. திறமை தானாகப் பரவும். இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. நட்சத்திரத்துக்குக் கூடுதலாகப் போகும் பணம் நடுத்தர வீரர்களின் சம்பளத்திலிருந்துதான் வரும். வீரர் சங்கத்தில் பெரும்பான்மையினர் நட்சத்திரங்கள் அல்லர். 1999 விதியை அவர்கள் ஏற்றுக்கொண்டதிலும் ஆச்சரியமில்லை. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சமநிலை என்ற பெயரில் அந்த விதியை நியாயப்படுத்தக் கூடாது.

லீக் வேறு வழியில் போனது. டுரான்ட் போனதற்குப் பிறகு லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே வந்த 2017 ஒப்பந்தம், தன் அணியிலேயே வளர்ந்து பெரிய விருதுகளைப் பெற்ற வீரருக்கு வெளியார் யாரும் தர முடியாத சம்பளத்தைப் பழைய அணி தர வழிசெய்தது. அந்த வழியில் கரி 5 ஆண்டுகளுக்கு 20.1 கோடி பெற்றார். 2023 ஒப்பந்தம் உச்சவரம்பு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றது. மிக அதிகமாகச் செலவிடும் அணிகளுக்கு வீரர் பரிமாற்றத்தில்கூடக் கடும் தடைகளைப் போட்டது. புதிய தொலைக்காட்சிப் பணம் 2025-26இல் வரத் தொடங்கியபோது 14.06 கோடியிலிருந்த வரம்பு மிகச் சரியாக 10 சதவீதம் ஏறி 15.46 கோடியில் நின்றது. 2016இன் துள்ளல் திரும்ப வராது.

ஆகவே இன்று ஓர் அணிக்கு நட்சத்திரம் கிடைக்குமா என்று கணிப்பவர், சந்தைக்கு யார் வருகிறார் என்பதைவிட முன்கூட்டியே யார் ஒப்பந்தத்தை நீட்டிக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான நட்சத்திரங்கள் சந்தைக்கே வருவதில்லை. அணி மாற விரும்பினால் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பரிமாற்றம் கேட்கிறார்கள். டுரான்ட் 2023இல் ஃபீனிக்ஸுக்கும் 2025இல் ஹூஸ்டனுக்கும் போனதும் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தபோது நடந்த பரிமாற்றங்களில்தான். 2025 கோடையில் பெரிய அளவில் இடம் வைத்திருந்த அணி புரூக்ளின் ஒன்றுதான். அந்த இடத்தால் அவர்கள் நட்சத்திரம் யாரையும் வாங்கவில்லை. மற்ற அணிகள் சுமையாக நினைத்த ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டு, அதற்குக் கூலியாக வருங்கால இளைஞர் தேர்வு உரிமைகளைப் பெற்றார்கள். டென்வரிலிருந்து மைக்கேல் போர்ட்டர் ஜூனியரோடு வந்தது 2032ஆம் ஆண்டின் முதல் சுற்று உரிமை.