றோட்டரிக் கழகங்களும் இரண்டு சொட்டு மருந்தும்

1905இல் சிக்காகோ நகரில் தோன்றிய றோட்டரி இயக்கத்துக்கு யூலை 1இல்தான் புதிய ஆண்டு பிறக்கிறது. கழகங்களில் புதிய தலைவர்கள் பொறுப்பேற்று, அவ்வாண்டின் பணிகளைத் தொடங்குவர். அப்பணிகளுள் ஆண்டுதோறும் இடம்பெறும் ஒன்று, ஒக்டோபர் 24இல் வரும் உலக போலியோ தினமாகும்.

உலகச் சிறார் அனைவரையும் இளம்பிள்ளை வாதத்திலிருந்து காக்கும் திட்டத்தை இவ்வியக்கம் 1985இல் ஆரம்பித்தது. இலங்கையில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1993இல். அது திரும்பி வராதிருக்க, 1990களின் நடுப்பகுதியில் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் துப்பாக்கிகளும் ஓய்ந்தன. கழகங்கள் பணமும் தொண்டர்களும் தரலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியவர்கள் பெற்றோரே.

பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்நோய் இன்னும் ஒழியவில்லை. ஆகவே நாம் அசட்டையாக இருக்க முடியாது. இடம்பெயரும் குடும்பங்களை நாம் கேட்பது இதுதான்: காணி உறுதியோடு பிள்ளையின் கிளினிக் கொப்பியையும் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்து போயிருந்தால், இப்போது இருக்கும் இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தயங்காமல் சொல்லுங்கள். தவறிய மருந்தைப் பின்னரும் கொடுக்கலாம். வாதம் பறித்த காலை எந்த மருந்தும் மீட்டுத் தராது.