இடுப்பு மூட்டைக் காத்தலும் மாற்றலும்

மல்லாங்கிணற்றுச் சுற்றுப்புறத்தில், முழங்காலில் வலியென்று தைலம் தேய்த்தே காலங்கடத்தும் அங்கத்தினர்கள் உளர். நோய் இடுப்பு மூட்டில் இருக்க, வலி முழங்காலில் தோன்றுவதுண்டு என்பதை அவர்கள் அறிதல் நலம்.

தொடையெலும்பின் தலை, கிண்ணத்தில் பந்துபோல் இடுப்பெலும்பினுள் சுழல்கிறது. அத்தலைக்கு இரத்தம் செல்லாது தடைப்படின் எலும்பு மடிந்து நொறுங்கும். மிதமிஞ்சிய மதுவும், நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரையும் இதற்கு முக்கிய காரணங்கள். தலை சரியுமுன் கண்டால், எலும்பைத் துளையிட்டு உள்ளழுத்தம் தணித்து மூட்டைக் காக்க முயலலாம். தொடக்க நிலை எக்ஸ்ரேயில் தெரியாமற் போகலாம், எம்.ஆர்.ஐ. படம் காட்டிவிடும்.

சரிந்தபின் மாற்றுவதே வழி. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி முதலில் பொருத்திய டெஃப்லான் கிண்ணம் விரைவில் தேய்ந்தது. 1962-இல் பாலிஎதிலீனுக்கு மாறி வெற்றி கண்டார். தலையை வெட்டாமல் உலோகத் தொப்பியிடும் முறையை 1990-களில் பர்மிங்ஹாமில் டெரக் மக்மின் வகுத்தார். இரத்தம் தடைப்பட்ட மூட்டுகளில் அதன் பலனை ஆராய்ந்து, சென்னை டாக்டர் விஜய் போஸ் 2010-இல் கட்டுரை வெளியிட்டார். ஆயினும் உலோகம் உராய்ந்து உதிரும் துகள் சிலர்க்குத் தீங்கிழைத்தது. மகளிர்க்கு அது ஆகாதென 2015-இல் தயாரிப்பாளரே அறிவித்தனர். புதியதெல்லாம் மேலானதென்று நாம் கொள்வதற்கில்லை.

மாற்று மூட்டுடன் குந்துவதைப் பல வைத்தியர்கள் விலக்குவர். ஆகையால் குழித்தறியில் இறங்கி ஏறுவோரும், குந்தியிருந்து களையெடுப்போரும் தம் தொழிலின் தன்மையைச் சிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் விளங்கச் சொல்லுதல் வேண்டும்.