நிலக்கோட்டைக்கு இரண்டு ஹேஷ்

திண்டுக்கல் மாவட்ட ஊர்ப் பெயர்களை இரண்டு கோப்புகளிலிருந்து எடுத்து, ஹேஷ் போட்டு ஒப்பிட்டால் 'நிலக்கோட்டை' ஒத்துப்போகாமல் நிற்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நிரலிலும் பிழை இருக்காது.

எவ்வளவு பெரிய தரவையும் குறிப்பிட்ட நீளமுள்ள எண்ணாகச் சுருக்கும் கணக்குதான் ஹேஷ். ஷா-256 முறை ஒரு சொல்லுக்கும் 256 பிட் தரும், ஒரு புத்தகத்துக்கும் 256 பிட்தான் தரும். உள்ளே ஒரு பிட் மாறினாலும் விடை அடியோடு மாறிவிடும். பதிவிறக்கிய கோப்பு கெடவில்லை என்று சரிபார்க்க இது உதவுவது அதனால்தான்.

இந்தக் கணக்குக்கு எழுத்து தெரியாது, பைட் மட்டுமே தெரியும். பைத்தானின் ஹேஷ்லிப் தொகுப்புக்குச் சொல்லை அப்படியே கொடுத்தால் 'டைப்எரர்' வரும். முதலில் அதை யூடிஎஃப்-8 பைட்டுகளாக என்கோட் செய்ய வேண்டும். அதில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'திண்டுக்கல்' நமக்கு 6 எழுத்து, யூனிகோடுக்கு 11 குறியீடு, ஹேஷுக்கு 33 பைட்.

சிக்கல் 'கோ'வில் இருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். முதல் வகையில் 'நிலக்கோட்டை' 33 பைட், இரண்டாவதில் 36. 'கொடைக்கானல்' என்ற பெயருக்கும் இதே கதைதான். ஹேஷ் போடுமுன் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுப்பால், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் 'கௌ' எழுத வேண்டிய இடத்தில் 'கெ' போட்டு ளகரம் சேர்த்திருந்தால் என்எஃப்சியாலும் முடியாது. அது வேறு எழுத்து, நாம்தான் திருத்த வேண்டும்.

வரி முடிவில் ஒட்டிக்கொண்ட இடைவெளியும் இப்படித்தான் ஏமாற்றும். லைனக்ஸின் 'எக்கோ' கட்டளை சொல்லுக்குப் பின் ஒரு புதுவரிக் குறியையும் சேர்த்தே அனுப்பும்.

பைத்தானுக்குள்ளேயே இருக்கும் ஹேஷ் செயற்கூறு வேறு சங்கதி. 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து, ஒரே சொல்லுக்கு அது ஓட்டத்துக்கு ஓட்டம் வெவ்வேறு எண் தரும். வெவ்வேறு சொற்களுக்கு ஒரே ஹேஷ் வரும் மோதல்களை வேண்டுமென்றே உண்டாக்கிச் சர்வரை முடக்குவோரைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. அந்த எண்ணைக் கோப்பில் சேமித்து மறுநாள் ஒப்பிடக் கூடாது. டிக்ஷனரியும் தன் சாவிகளுக்கு இதே ஹேஷைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் லிஸ்ட்டை அதன் சாவியாக்கினாலும் டைப்எரர்தான். பின்னால் மாறக்கூடிய பொருளுக்கு நிலையான ஹேஷ் கிடையாது, டியூப்பிளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹேஷ் பொருந்தாவிட்டால் முதலில் உள்ளே போன பைட்டுகளை அச்சிட்டுப் பாருங்கள். அவை ஒன்றாகவே இருந்தால் வெளியே வந்த விடையின் நீளத்தை எண்ணுங்கள். பதினாறடிமான எண்ணாக எழுதினால் எம்டி5க்கு 32 இலக்கம், ஷா-1க்கு 40, ஷா-256க்கு 64. முறை மாறியிருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.