வேகத்தின் தடங்கள் – 9: இரண்டு அங்குலம்

போன வாரம் சில்வர்ஸ்டோனில் நிறுத்தியிருந்தோம். 1951 ஜூலையில் அங்கேதான் ஃபெராரி, ஆல்ஃபா ரோமியோவை முதன்முறையாக வீழ்த்தியது. அடுத்து ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஃபெராரியின் அஸ்காரி ஜெயித்தார். அக்டோபர் 28, பார்சிலோனாவின் பெட்ரால்பெஸ் சாலைகள், உலகப் பட்டத்துக்கான ஆண்டின் கடைசிப் பந்தயம். ஆல்ஃபாவின் ஃபாஞ்சியோவிடம் 27 புள்ளிகள், அஸ்காரியிடம் 25. ஃபாஞ்சியோவுக்கு நாற்பது வயது. முந்தைய வருடம் மயிரிழையில் பட்டத்தை விட்டவர். அஸ்காரிக்கு முப்பத்துமூன்று. அவருடைய அப்பா அந்தோனியோவும் பந்தய வீரர்தான். 1925இல் பிரான்ஸில் ஓர் ஆல்ஃபா ரோமியோவை ஓட்டும்போதுதான் உயிரை விட்டார். அப்போது மகனுக்கு ஏழு வயது.

ஆல்ஃபாவின் எஞ்சின் ஒன்றரை லிட்டர்தான். ஆனால் சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி உள்ளே திணிக்க, 400 குதிரைத் திறனைத் தாண்டியது. விலை எரிபொருள்: ஒரு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூட ஓடாது. ஃபெராரியின் நாலரை லிட்டர் எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் இல்லை, அந்த அகோரப் பசியும் இல்லை. தகுதிச் சுற்றில் அஸ்காரிதான் முதலிடம்.

ஃபெராரி கோட்டை விட்டது டயரில். ஆல்ஃபா பின்பக்கம் 18 அங்குலச் சக்கரம் போட்டது, ஃபெராரி 16. சிறிய சக்கரம் என்றால் வண்டி சட்டென்று வேகம் பிடிக்கும். ஆனால் அதே தூரத்தைக் கடக்க அது கூடுதலாகச் சுழல வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் ரப்பர் நசுங்கி நிமிர்ந்து சூடேறும். பெட்ரால்பெஸ்ஸின் நீண்ட நேர்சாலையில், கனமான அந்த வண்டியின் அடியில், அந்தச் சூடு தாங்கக்கூடியதாக இல்லை. தாருஃபி, வில்லோரேஸி, அஸ்காரி என்று ஃபெராரி வீரர்களின் டயர்கள் ஒவ்வொன்றாகப் பட்டைபட்டையாக உரிந்தன. அஸ்காரி டயர் மாற்ற உள்ளே வந்தபோதே பட்டம் கைநழுவிவிட்டது. அவர் முடித்தது நான்காவதாக, இரண்டு சுற்றுகள் பின்தங்கி.

அதனால் ஃபாஞ்சியோவுக்குப் பட்டத்தை ஃபெராரியே தூக்கிக் கொடுத்தது என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டயர்கள் உரிவதற்கு முன்பே, நான்காவது சுற்றில், ஃபாஞ்சியோ முன்னிலைக்கு வந்துவிட்டார். கடைசியான எழுபதாவது சுற்று வரை அதை விடவும் இல்லை. எரிபொருள் நிரப்ப நின்று நின்று போக வேண்டிய வண்டியில், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஈடாக முன்கூட்டியே நேரம் சேர்த்துக்கொண்டு ஓட்டுவது அதிர்ஷ்டத்தில் நடக்கிற காரியமா? அவர் வாழ்நாளில் வென்ற ஐந்து பட்டங்களில் இதுதான் முதலாவது.

ஆல்ஃபாவுக்கோ இதுவே கடைசி. 1938இல் பிறந்த அந்த வண்டியின் வடிவத்தில் மேலும் பிழிய எதுவும் மிச்சமில்லை. புதியது செய்யப் பணமும் இல்லை. நிறுவனம் விலகிக்கொண்டது. ஃபெராரியை எதிர்க்க ஆள் இல்லாமல் போகவே, 1952 உலகப் பட்டத்தை இரண்டு லிட்டர் வண்டிகளுக்கு மாற்றினார்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் பட்டம் அஸ்காரிக்கு.

(தொடரும்)