தேடிக் கொடுங்கள்... அதுதான் கேம்!

கம்ப்யூட்டர் கேம் என்றதும் பெற்றோருக்கு நினைவுக்கு வருவது துப்பாக்கியும் கார் ரேஸும்தான். யாரையும் சுடாமல், யாரையும் முந்தாமல், ஒரு படத்துக்குள் ஒளிந்திருப்பவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் கேம்களும் இருக்கின்றன. இவற்றுக்கு ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேம் என்று பெயர். இப்படி ஒரு கேமை, நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் உள்ள எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் சில மாதங்களாக விளையாடி வருகிறோம். 'விளையாடி வருகிறேன்' என்று எழுதாமல் 'வருகிறோம்' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய விளையாட்டுதான்

வார இதழ்களில் 'ஆறு வித்தியாசங்கள்' பக்கத்தை முதலில் புரட்டியவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. படத்தை உற்றுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்து ஓவியர் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டு 1987-இல் கொண்டுவந்த 'வேர்ஸ் வாலி' புத்தகம், பெரிய கூட்டத்துக்குள் கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவரைத் தேடச் சொல்லி உலகம் முழுக்கப் பிரபலமானது.

கம்ப்யூட்டரில் இந்த வகையைப் பரப்பியதில் 2005-இல் பிக் ஃபிஷ் கேம்ஸ் வெளியிட்ட 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' கேமுக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள்தான் துப்பறிவாளர். சாமான்கள் குவிந்து கிடக்கும் படம் ஒன்று வரும், பக்கத்தில் பொருட்களின் பட்டியல் இருக்கும். கடிகாரம் ஓடி முடிவதற்குள் அத்தனையையும் கிளிக் செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் இலவசமாக விளையாடிப் பார்க்கலாம் என்பதால் பல வீடுகளுக்குள் இந்த வகை சுலபமாக நுழைந்தது.

ஹிட்டன் ஃபோக்ஸ்

நாங்கள் விளையாடுவது இதிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. பெயர் 'ஹிட்டன் ஃபோக்ஸ்'. கேம் டிசைனர் ஆட்ரியான் டி யோங்கும் ஓவியர் சில்வைன் டெக்ரோக்கும் சேர்ந்து உருவாக்கி, 2017 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். முதலில் கம்ப்யூட்டருக்கும் ஐபோனுக்கும் வந்தது. பிறகு ஆண்ட்ராய்டுக்கும் வந்தது.

எல்லாப் படங்களும் கையால் வரைந்து ஸ்கேன் செய்யப்பட்டவை. வெள்ளைத் திரையில் கறுப்புக் கோடுகள் மட்டுமே. காடு, பாலைவனம், நகரம், தொழிற்சாலை என்று 30-க்கும் மேற்பட்ட பகுதிகள். தேட வேண்டியவை 300-க்கும் அதிகம். இன்னொரு வேடிக்கை, இதில் கேட்கும் ஒலிகள். கதவு திறந்தாலும், குரங்கு கத்தினாலும், வண்டி ஓடினாலும் வருவது வாயால் எழுப்பிப் பதிவு செய்த சத்தம். எங்கள் வீட்டில் குழந்தைகள் முதலில் சிரித்தது இதற்குத்தான்.

திரையின் அடியில், தேட வேண்டியவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். ஒருவரை கிளிக் செய்தால் அவரைப் பற்றி ஓரிரு வரிக் குறிப்பு வரும். அவர் எங்கே இருக்கலாம் என்பதற்கு அதுதான் துப்பு. கூடாரத் துணியை விலக்கலாம், புதரை வெட்டலாம், கதவைத் தட்டலாம். போதுமான பேரைக் கண்டுபிடித்தால் அடுத்த பகுதி திறக்கும். எல்லோரையும் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. சில இடங்களில் தேடுவதை விட்டுவிட்டு, போகிற ஒருவருக்கு வழியில் உள்ள தடைகளை நீக்கித் தர வேண்டும். கடிகாரம் இல்லை, மதிப்பெண் இல்லை, தோல்வியும் இல்லை.

ஒரே நாற்காலிக்குப் போட்டி

எங்கள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருடம் ஷிப்ட் பார்த்த மனிதருக்குப் பகல் பொழுது மிக நீளமாகிவிட்டது. கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார். என் மகனோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், சாப்பிடக் கூப்பிடுவதுகூடக் காதில் விழாது. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், ஆனால் பேச்சு குறைந்து போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைப் பகுதியில் ஒரே ஒரு ஆள் சிக்காமல் மகன் திணறினான். பின்னால் நின்று பார்த்துக் கொண்டிருந்த அப்பா, "அங்கொண்ணும் இங்கொண்ணுமா தேடாதடா. மேல இருந்து அடுக்கடுக்கா வா" என்றார். நெய்வேலியில் சுரங்கம் வெட்டுவது அப்படித்தான். மண்ணை மேலிருந்து படிப்படியாக எடுத்துக்கொண்டே போவார்கள். மகன் மவுஸை நகர்த்த, இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையில் விரலை ஓட்டினார். மூன்றாவது வரிசையில் ஆள் கிடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வேலை தானாகவே பிரிந்துவிட்டது. குறிப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் மகன் படித்துத் தமிழில் சொல்வான், தாத்தா தேடுவார். அர்த்தம் தெரியாத வார்த்தை வந்தால் டிக்‌ஷனரி பார்க்கிறான், தாத்தாவிடம் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே! சமையலறையிலிருந்து ஆயாவும் வந்து, "அந்த மரத்துக்குப் பின்னால பாரு" என்பார். திரைக்குள் யாரோ ஒருவரைத் தேடிக் கொடுப்பதற்காக ஆரம்பித்த விளையாட்டில், வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள். 'விளையாடி வருகிறோம்' என்று எழுதியது இதனால்தான்.

விளையாடும்போது

* மவுஸ் வீலை உருட்டிப் படத்தைப் பெரிதாக்கலாம். கிளிக் செய்து இழுத்தால் படம் நகரும்.
* படத்தை மனதுக்குள் வரிசைகளாகப் பிரித்து, இடமிருந்து வலமாகப் பாருங்கள்.
* குறிப்பை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.
* வெள்ளைத் திரை கண்ணைக் கூசினால் செட்டிங்ஸில் பழுப்பு நிறம் அல்லது இரவு நிறத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.
* பெரியவர்களோடு விளையாடுவதாக இருந்தால் மொபைலைவிட மானிட்டரே நல்லது. கோடுகள் மிகச் சிறியவை.

வாங்கும் முன்

இந்த கேம் இலவசமல்ல. ஒரு முறை பணம் கட்டினால் போதும். ஸ்டீம் தளத்தில் இந்திய ரூபாயிலேயே விலை இருக்கும். அவ்வப்போது தள்ளுபடி விற்பனையும் நடக்கும். வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எங்கள் கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது; அதிலேயே தடங்கலின்றி ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: 2024 ஜனவரி 1 முதல் இவற்றுக்கு ஸ்டீம் ஆதரவு தருவதில்லை.

மொபைலில் இதே வகையில் இலவச கேம்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றில் 'எனர்ஜி' என்று ஒன்று இருக்கும். நாலு படம் விளையாடியதும் அது தீர்ந்துவிடும். காத்திருக்க வேண்டும் அல்லது காசு கொடுக்க வேண்டும். குழந்தைகள் கையில் போன் இருந்தால், பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றி வையுங்கள்.

ஹிட்டன் ஃபோக்ஸை முடித்தவர்கள், பெல்ஜியத்தின் ரோக்சைட் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 'ஹிட்டன் த்ரூ டைம்' கேமைப் பார்க்கலாம். இது வண்ணத்தில் இருக்கும். கற்காலம், பழைய எகிப்து என்று காலங்களுக்குள் தேட வேண்டும். நாமே படம் அமைத்துப் பொருட்களை ஒளித்து வைக்கும் வசதியும் உண்டு. இந்தக் கோடை விடுமுறையில், பேரன் ஒளித்து வைக்கட்டும், தாத்தா தேடட்டும். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். எந்த கேம் வாங்கினாலும் கம்ப்யூட்டர் முன்னால் இன்னொரு நாற்காலியையும் போட மறந்துவிடாதீர்கள்!