தத்துவத்தில் பிஹெச்.டி: சேரும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள் என்னென்ன?

“பிஹெச்.டி பண்ணப் போறியா? நல்லது. எதுல?”

“தத்துவத்துல.”

இந்தப் பதிலுக்குப் பிறகு வீட்டில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம் யாராவது ஒருவர், “அதைப் படிச்சு முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?” என்று ஆரம்பிப்பார். கேட்பவர் மீது கோபப்பட வேண்டியதில்லை. நியாயமான கேள்விதான். ஆனால், சேர நினைப்பவர் அதற்கு முன்பே பதில் தேட வேண்டிய வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும், எந்தக் கேள்வியை ஆராயப் போகிறோம், யாரிடம் ஆராயப் போகிறோம்?

ஒரு வேடிக்கையும் உண்டு. இயற்பியலோ வணிகவியலோ, எதில் முனைவர் பட்டம் வாங்கினாலும் அதன் பெயர் ‘டாக்டர் ஆஃப் பிலாசஃபி’தான். அந்த பிலாசஃபியிலேயே பட்டம் வாங்குகிறவர்கள்தான் நம்மிடையே அபூர்வம். இத்தனைக்கும் சென்னைக்கு இது புதுத் துறை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1927-லேயே தத்துவத் துறை வந்துவிட்டது. 1964-ல் யுஜிசி அதை உயராய்வு மையமாக அங்கீகரித்தது. இப்போது அது ராதாகிருஷ்ணன் பெயரில் இயங்குகிறது.

எம்.ஃபில் என்ற ஒத்திகை இப்போது இல்லை

முன்பெல்லாம் எம்.ஏ முடித்ததும் எம்.ஃபில் சேர்வார்கள். ஒரு சின்ன ஆய்வேடு எழுதிப் பார்க்கும்போதே, ‘இது நமக்கு ஒத்துவருமா’ என்பது தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் ஒரு வருடத்தோடு விலகிவிடலாம். 2022 நவம்பரில் வெளியான யுஜிசியின் பிஹெச்.டி ஒழுங்குமுறைகள் எம்.ஃபில்லை நிறுத்திவிட்டன. இப்போது நேரடியாக நீண்ட பயணத்துக்கே டிக்கெட் எடுக்க வேண்டும்.

எவ்வளவு நீளம்? குறைந்தபட்சம் 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் வரை கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக 2 ஆண்டுகள். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண்கள் 240 நாள்கள் வரை விடுப்பு எடுக்கலாம். எப்படியும் மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது.

எம்.ஏ-வில் 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமிலேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் படிப்பில் 75 சதவீதம் வாங்கியவர்கள் எம்.ஏ இல்லாமலே விண்ணப்பிக்கலாம். வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றிதழோடு பகுதி நேரமாகச் சேரலாம். தொலைநிலைக் கல்வியில் பிஹெச்.டி கிடையாது. ‘வீட்டிலிருந்தே முடிச்சிடலாம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நகர்ந்துவிடுங்கள்.

நெட் தேர்வும் வள்ளுவரும்

2024 ஜூன் முதல் நெட் தேர்வின் மதிப்பெண்ணே பிஹெச்.டி சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப் இல்லாமல் மற்ற இரண்டு பிரிவுகளில் தேறியவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம் என்று கணக்கிடுவார்கள். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். பல்கலைக்கழகங்கள் சொந்தமாக நுழைவுத் தேர்வு நடத்துவதும் உண்டு என்பதால், சேர விரும்பும் இடத்தின் அறிவிக்கையைப் படித்துவிடுவது நல்லது.

தத்துவத் தாளின் பாடத்திட்டத்தில் 10 அலகுகள். நியாயம், சாங்கியம், வேதாந்தம் ஒரு பக்கம்; பிளேட்டோ, கான்ட், விட்கன்ஸ்டைன் இன்னொரு பக்கம்; கூடவே தர்க்கமும் அறவியலும். திருவள்ளுவரும் இருக்கிறார். எங்கே தெரியுமா? ‘தற்கால இந்தியத் தத்துவம்’ என்ற அலகில், தாகூருக்கும் அம்பேத்கருக்கும் பக்கத்தில்! யார் வைத்த வரிசையோ. அவரே வந்து எழுதினாலும் வினாத்தாளைத் தமிழில் வாசிக்க முடியாது என்பதுதான் பெரிய சங்கடம். மொழிப் பாடங்கள் தவிர மற்றவற்றுக்கு ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே. தமிழ் வழியில் படித்துவந்த மாணவருக்குத் தத்துவம் கடினமா, அதைக் கேட்கும் மொழி கடினமா என்று பிரித்தறிவதே சிரமம்.

ஒரே துறை, வெவ்வேறு மாதச் சம்பளம்

ஜே.ஆர்.எஃப் கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000. 2023 ஜனவரி முதல் இதுதான் தொகை. வீட்டு வாடகைப்படி தனி. புத்தகம், பயணம் போன்ற செலவுகளுக்கு மானுடவியல் துறைகளுக்கு ஆண்டுக்கு ரூ.10,000, மூன்றாம் ஆண்டிலிருந்து ரூ.20,500. எல்லாம் சேர்த்து 5 ஆண்டுகள் வரை. 6 ஆண்டுகள் அனுமதி இருக்கிறதே என்று நிதானமாக எழுதினால் கடைசி ஆண்டில் கையில் காசு இருக்காது. ஜே.ஆர்.எஃப்-க்கு வயது வரம்பு 30. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. உள்ளிட்டோருக்கு 5 ஆண்டுகள் தளர்வு.

ஜே.ஆர்.எஃப் இல்லை என்றால்? புதுச்சேரி, ஹைதராபாத் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகையாக மாதம் ரூ.8,000 உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் அதுவும் இல்லை. தமிழக அரசு முழுநேர ஆய்வில் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் ஊக்கத்தொகை தருகிறது. முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டமும் இருக்கிறது. தத்துவத்துக்கென்றே உள்ள இந்தியத் தத்துவ ஆய்வுக் கழகமான ஐ.சி.பி.ஆரும் ஆய்வு உதவித்தொகை தருகிறது. பக்கத்து பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒரே கான்ட்டைப் படிக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு 37 ஆயிரம், இன்னொருவருக்குப் பூஜ்ஜியம். சேர்வதற்கு முன்பே இந்தக் கணக்கை எழுதிப் பார்க்காமல், ‘ஆர்வம் இருந்தால் போதும்’ என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

தலைப்பு வேறு, கேள்வி வேறு

“சைவ சித்தாந்தத்தில் ஆய்வு செய்யப் போகிறேன்” என்பது ஆய்வுக் கேள்வி இல்லை. அது நூலகத்தில் ஒரு அலமாரி. நேர்முகத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

கேள்வி என்றால் எப்படி இருக்கும்? மணிமேகலையை எடுத்துக்கொள்வோம். 27-ஆவது காதையில் பல சமயவாதிகளிடம் மணிமேகலை விளக்கம் கேட்கிறாள். அங்கே அளவைவாதி, ஒன்றை அறிவதற்கான வழிகளாகப் பத்து அளவைகளைச் சொல்கிறார். காட்சி, கருதல், உவமம், ஆகமம் என்று அந்தப் பட்டியல் போகும். 29-ஆவது காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், இரண்டே போதும் என்கிறார். நேரில் காண்பது, அனுமானிப்பது. மற்றவையெல்லாம் அனுமானத்துக்குள் அடங்கிவிடும்.

அடங்குமா? நம்பகமான ஒருவர் சொன்னதால் நாம் ஒன்றை நம்புகிறோம். அது, ‘இவர் பொய் சொல்லாதவர், ஆகவே இதுவும் உண்மை’ என்று மனசுக்குள் போடும் அனுமானமா? அல்லது, பிறர் சொல் என்பதே அறிவுக்குத் தனி வழியா? நியாய மரபினர் தனி வழிதான் என்று வாதாடினார்கள். மேற்கத்திய அறிவாராய்ச்சியியலில் இந்த விவாதம் சூடுபிடித்ததில், சி.ஏ.ஜே. கோடி 1992-ல் வெளியிட்ட ‘டெஸ்டிமனி’ என்ற நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபேமிலி குரூப்பில் பெரியப்பா ஃபார்வர்டு செய்யும் மருத்துவக் குறிப்பு வரைக்கும் இதே கேள்வி நீள்கிறது. ‘அறவண அடிகளின் வாதம் நியாய மரபின் மறுப்புக்கு ஈடுகொடுக்குமா?’ என்று இதைச் சுருக்கினால், 5 ஆண்டுகள் உட்காரத் தகுதியான ஒன்று கிடைத்துவிட்டது.

கவனித்துப் பாருங்கள். இதில் அறவண அடிகள் சொன்னதை விளக்குவது வேலையின் பாதிதான். அது சரியா, எங்கே உடைகிறது என்று சொல்வது மீதிப் பாதி. இலக்கிய ஆய்வோ வரலாற்று ஆய்வோ முதல் பாதியோடு நிற்கலாம். தத்துவத்தில் நிற்க முடியாது. மூல மொழியும் தேவைப்படும். மணிமேகலைக்குப் பழந்தமிழோடு பௌத்தத் தர்க்கத்துக்கான சமஸ்கிருதம், கான்ட்டுக்கு ஜெர்மன். அதைக் கற்கும் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வழிகாட்டிக்கு இடம் இருக்கிறதா?

ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்ட முடியும். பணி ஓய்வுக்கு 3 ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புது மாணவரை எடுக்க முடியாது. ஒரு பேராசிரியரும் இரண்டு உதவிப் பேராசிரியர்களும் மட்டும் உள்ள துறை என்றால் மொத்தமே 16 இடங்கள். அதில் முன்பே பதிவு செய்தவர்கள் போக மீதி எத்தனை? உங்களுக்குத் தர்க்கவியலில் ஆர்வம், காலியாக இருக்கும் வழிகாட்டிக்கு அத்வைதத்தில் ஆர்வம் என்றால், ஏதாவது ஒரு பக்கம் வளைய வேண்டிவரும். வளைவது பெரும்பாலும் மாணவர்தான்.

சரி, வேலை?

கல்லூரி ஆசிரியர் பணிதான் நேரடி வழி. ஆனால் 2023-ல் யுஜிசி செய்த திருத்தப்படி உதவிப் பேராசிரியராக நெட், செட் அல்லது ஸ்லெட் போதும், பிஹெச்.டி கட்டாயமில்லை. அதற்கு மேல் இணைப் பேராசிரியராக வேண்டுமென்றால் கட்டாயம். தமிழகத்தில் சென்னை மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி போல தத்துவத் துறை உள்ள கல்லூரிகளே குறைவு. காலியிடம் வருவது அதைவிடக் குறைவு. செயற்கை நுண்ணறிவு அறவியல், மருத்துவ அறவியல் என்றெல்லாம் புது வாய்ப்புகள் பேசப்படுகின்றன. பேச்சு இருக்கும் அளவுக்கு இந்தியாவில் பணியிடங்கள் இன்னும் வரவில்லை. இந்தக் கசப்பைத் தெரிந்துகொண்டு சேர்பவர், கூடவே நெட்டையும் முடித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு மாலை நேரத்தை ‘ஷோத்கங்கா’ இணையதளத்தில் செலவிடலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் மனதில் வைத்திருக்கும் வழிகாட்டியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முன்பு ஆய்வு செய்தவர்கள் எந்த ஆண்டு பதிவு செய்தார்கள், எந்த ஆண்டு முடித்தார்கள் என்ற விவரம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவரின் கடைசி அத்தியாயத்தையாவது படியுங்கள். அதில் அவர் சொந்தமாக ஏதாவது வாதிட்டிருக்கிறாரா, அல்லது முன்னோர் சொன்னதைத் தொகுத்ததோடு நிறுத்திவிட்டாரா என்று பாருங்கள்.